சொந்தச் சரக்கில் ஒரு கதை எழுதுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடபழனியில் என் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். குறும்படம் எடுக்க நினைப்பவர்கள், வெப் சீரிஸுக்கு எழுதிப் பார்க்கிறவர்கள், உதவி இயக்குநராகச் சேர அலைகிறவர்கள். இருபது வருடமாகச் சீரியல் வசனமும் சினிமாக் கதை விவாதங்களில் காட்சிகளும் எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் என்னிடம் கதை சொல்ல வருகிறார்கள். பாதிப் பேர் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்: "அக்கா, இது இதுவரைக்கும் யாருமே தொடாத லைன்." ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய கதைக்கருவைத்தான் லைன் என்கிறோம்.

சொல்லி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவது, "இது அந்தக் கொரியன் சீரிஸ்ல வந்துச்சே?" என்பார்கள். சொன்னவர் முகம் சட்டென்று வாடிவிடும். அடுத்த ஞாயிறு அவர் வேறொரு லைனோடு வருவார், அல்லது வரவே மாட்டார். அப்படி வராமல் போனவர்களில் இரண்டு பேர் உண்மையிலேயே நன்றாக எழுதக்கூடியவர்கள். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். லைன் தேடுவதற்கு ஆறு மாதம் ஒதுக்குகிறவர்கள் காட்சி தேடுவதற்கு ஆறு நாள்கூட ஒதுக்குவதில்லை. நம்முடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடியது எல்லாம் காட்சியில்தான் கிடைக்கும். அதை நான் தேடுகிற முறையை, ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு கடைசி வரை சொல்கிறேன்.

முதல் பத்தைக் கழித்துவிடுங்கள்

ஒரு அரதப் பழசான லைனை எடுத்துக்கொள்வோம். கணவனுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் அதை மறைக்கிறார்கள். உலகத்தில் எல்லா மொழியிலும் இந்தக் கதை உண்டு. சரி, இதில் ஒரு காட்சி மட்டும்: விஷயம் வெளியே தெரியவருகிற இடம். அது எப்படித் தெரியவருகிறது?

ஒரு தாளில் மனத்துக்கு வருகிற பத்து வழிகளை வேகமாக எழுதுங்கள். பழைய ஆபீசிலிருந்து போன் வருகிறது. மனைவி பேருந்தில் போகும்போது அவன் பூங்காவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். பேன்ட் பாக்கெட்டில் கடிதம் கிடைக்கிறது. ஏடிஎம்மில் பணம் வரவில்லை. கூட வேலை பார்த்தவரின் மனைவியைக் கோயிலில் சந்திக்கிறாள். ஸ்கூல் ஃபீஸ் கட்டவில்லை என்று குழந்தை அழுதுகொண்டு வருகிறது. இப்படிப் பத்து.

பத்தில் ஒன்றுகூடத் தப்பானது இல்லை. ஆனால் பத்துமே நாம் எங்கோ பார்த்தவை. நினைவில் மேலாகக் கிடப்பதுதான் முதலில் கைக்கு வரும். நமக்கு மேலாகக் கிடப்பது பார்த்த படங்களும் சீரியல்களும்தான். இப்போது சிலர் ஏஐயிடம் கேட்டு ஐம்பது வழிகள் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஐம்பதையும் இதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்த அத்தனையும் எல்லோருக்கும் எளிதாகக் கிடைப்பவை என்பதற்கான பட்டியல் அது. தாளைக் கிழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் வேறொன்று கண்டுபிடித்ததாக நினைக்கும்போது எடுத்துப் பார்க்க வேண்டும்.

லைன் பழையதாக இருக்கலாம்

தமிழில் இது ரொம்ப நாளாகவே பேசி முடித்த விஷயம். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், அதைப் பின்பற்றி எழுதும் வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூலை நான்காக வகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. இன்றைய வேலைக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். ஆயிரம் பக்க நாவலை இரண்டரை மணி நேரப் படமாக்கினால் தொகுத்தல். பத்துப் பக்கச் சிறுகதையை எட்டு எபிசோடு ஆக்கினால் விரித்தல். ஒரு பக்கம் வெட்டி இன்னொரு பக்கம் வளர்த்தால் தொகைவிரி. நாவலிலிருந்து வரும் சீரிஸ்களில் முக்கால்வாசி இந்த ரகம். ரீமேக் நான்காவது. பின்னால் வந்த நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், வழிநூல் எழுதுகிறவன் முன்னோர் சொன்ன முடிவோடு ஒத்துப்போனாலும், தான் வேண்டும் 'விகற்பம்' ஒன்றைச் சொல்ல வேண்டும் என்கிறது. விகற்பம் என்றால் வேறுபாடு. பழையதை எடுக்கலாம், உன் வேறுபாடு எங்கே என்று காட்டு. கதை விவாத அறையில் நான் கேட்கிற கேள்வியும் அதேதான்.

சினிமாவில் இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் 1954-ல் ஏவிஎம் தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' 1950-ல் வந்தது. ஒரே சம்பவத்தை ஆளாளுக்கு வேறு மாதிரி சொல்வது என்கிற உத்தி அதன் பாதிப்பில் வந்தது. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் பாலசந்தர் அந்த உத்தியை எங்கே கொண்டுவந்து இறக்கினார்? 1943-ல் ஜப்பான்காரர்கள் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில், இந்த ஊரில் ஒரு ரேடியோ என்ஜினீயர் வீட்டில். முதல் காட்சியிலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார். படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. ரேடியோ, யுத்தம், தேசத்துரோகம், பயந்துபோய்க் கிடந்த மெட்ராஸ் எல்லாம் சேர்ந்ததும் இரவல் வாங்கிய உத்தி இந்த ஊர்ச் சொத்தாகிவிட்டது. காடும் கொள்ளைக்காரனும் நிறைந்த 'ரஷோமோனை'ப் பார்த்துவிட்டுக் காட்டையே திரும்ப எடுக்காமல், தன் தெருவைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

இதில் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு கதையை அப்படியே படமாக்குவதென்றால் உரிமை வாங்கித்தான் ஆக வேண்டும். நம் நாட்டில் எழுத்தாளர் வாழும் காலமும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் காப்புரிமை (காப்பிரைட்) உண்டு. புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்தார். அவர் கதைகளை இன்று யாரும் எடுக்கலாம். போன மாதம் ஒரு வார இதழில் வந்த கதையை எடுப்பதென்றால் எழுதியவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கேட்டுக் கொடுக்காத எழுத்தாளர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

பத்து நாள் நில்லுங்கள்

இப்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது. உங்கள் கதையில் வருகிற மனிதர்களைச் சுற்றி என்னென்ன தொழில்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். வேலை போன குடும்பத்தைத் தொட்டுக்கொண்டு யாரெல்லாம் இருக்கிறார்கள்? பால் போடுகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், தண்ணீர் கேன் போடும் பையன், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், வீட்டு வேலை செய்யும் அம்மா, சீட்டுப் பிடிக்கிற மாமி, அடகுக் கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர். இதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வேலை செய்கிற இடத்தில் பத்து நாள் போய் நிற்க வேண்டும். ஒரே நாளில் பத்து மணி நேரம் நின்றால் ஆகாது. தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். முதல் மூன்று நாள் அவர் உங்களுக்காகப் பேசுவார். நான்காம் நாளிலிருந்துதான் உங்களை மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

நான் போய் நின்றது மேற்கு மாம்பலத்தில் அப்போது நான் குடியிருந்த தெரு முனையில், வேப்பமரத்தடி இஸ்திரி வண்டியில். பதினெட்டு வருடமாக அதே இடத்தில் நின்றவர். "அண்ணே, உங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், கதை எழுதுறதுக்கு" என்று நேராகவே சொல்லிவிட்டேன். மறைத்துக்கொண்டு பழகுவது எனக்குப் பிடிக்காது. பின்னால் தெரிந்தால் அவர் மனம் நோகும். "நில்லும்மா, கரி பறக்கும், தள்ளி நில்லு" என்றார். அவ்வளவுதான் அனுமதி.

நோட்டை எடுக்காதீர்கள். நோட்டைப் பார்த்ததும் எல்லோரும் பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். போனில் பதிவு செய்யவும் வேண்டாம். கையைப் பாருங்கள். அவர் பெட்டியைத் திறந்து தொட்டாங்குச்சியை உடைத்துப் போட்டு, கரியோடு சேர்த்து விசிறுவதைப் பார்த்தேன். பெட்டி சூடேறியதும் ஈரத் துணியில் ஒரு தேய்ப்பு. அந்தச் சத்தத்தை வைத்தே காட்டனா, பாலியெஸ்டரா, எதை முதலில் போடலாம் என்று முடிவு செய்வார். சட்டையில் முதலில் காலர், அப்புறம் தோள், அப்புறம் கை, பட்டன் பட்டி, கடைசியில் முதுகு. மடிக்கும்போது இரண்டு கையையும் பின்னால் போட்டுக் கீழ்ப்பகுதியை மூன்றாக மடிப்பார். வீட்டில் நாமெல்லாம் இரண்டாக மடிப்போம். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இரவு வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன்.

எழுதுவதைப் பற்றி ஒரு குறிப்பு. அன்று இரவே எழுதிவிடுங்கள். இடது பக்கத்தில் பார்த்தது, வலது பக்கத்தில் கேட்டது. நீங்கள் நினைத்ததை எழுதாதீர்கள். 'பாவமாக இருந்தது' என்று எழுதினால் அது பத்து நாளில் உங்களுக்கே உதவாது. 'மூன்றாக மடிக்கிறார்' என்பது உதவும்.

பேச்சுக் கொடுக்கும்போது நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். இந்த வேலையில் எது தப்பாகப் போகும்? பார்த்த மாத்திரத்தில் உங்களுக்கு மட்டும் தெரிகிற விஷயம் எது? தெரிந்தும் வெளியே சொல்லாத விஷயம் எது? மூன்றையும் ஒரே நாளில் கேட்கக் கூடாது. மூன்றாவது கேள்விக்கு ஒரு வாரமாவது பழகியிருக்க வேண்டும்.

முதல் கேள்விக்குப் பட்டுப்புடவை சுருங்கிய கதை சொன்னார், பொதுவான கதைதான். இரண்டாவது கேள்விக்கு, எந்த வீட்டில் யாருக்கு வேலை போச்சு என்று தனக்குத் தெரியும் என்றார். வாரத்துக்கு ஆறு சட்டை வருகிற வீட்டிலிருந்து சட்டை நின்றுபோகும். இதுகூட நாமே யோசித்திருக்கக்கூடியதுதான். ஒன்பதாம் நாள், தூறலாக இருந்தது, வண்டிக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"ஒரு வீட்ல சட்டை நிக்கவே இல்லம்மா. வாரா வாரம் அதே ஆறு சட்டை. ஆனா அது நான் தேச்சுக் குடுத்த சட்டைதான். போடவே இல்ல."

"எப்படிண்ணே தெரியும்?"

"என் மடிப்பு எனக்குத் தெரியாதா? கசக்கித்தான் குடுத்திருக்காங்க. கசக்கினா மடிப்புக் கோடு போகாதும்மா. தண்ணியில நனைச்சாத்தான் போகும்."

நான் பேசாமல் நின்றேன்.

"அந்தம்மாதான் கொண்டாந்து குடுக்கும். தெருவுல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நெனச்சுச்சோ என்னமோ."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது, தேச்சுக் குடுத்தேன். காசு வாங்கல. போன வாரம் கணக்குல அதிகமா வாங்கிட்டேன், அதுல கழிச்சுக்கலாம்னு சொல்லிட்டேன். நாலு வாரம் அதையே சொன்னேன்."

அன்று இரவு நோட்டில் எழுதும்போது கை நடுங்கியது. முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பத்தில் இது இல்லை. ஐம்பதிலும் இருக்காது, ஐந்நூறிலும் இருக்காது. இஸ்திரிப் பெட்டியும் மூன்று மடிப்பும் தண்ணீரில் நனையாத கோடும் தெரிந்த ஒருவரிடம் மட்டும்தான் இது இருந்தது.

உங்களுக்கு இஸ்திரி வண்டிதான் வேண்டும் என்பதில்லை. வடசென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டைச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு கரையில், வருமானம் இல்லை, வட்டி ஓடுகிறது, வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கதையை அந்த 61 நாளுக்குள் வையுங்கள். வேறெந்த ஊர் சீரிஸிலும் இல்லாத கடிகாரம் கிடைத்துவிடும். வடசென்னை என்றதும் கத்தியும் கானாவும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காசிமேட்டில் ஏலம் விடுகிறவர் விலையை எப்படிக் கூவுகிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? மழைக்காலக் கதையா? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வெள்ளத்துக்குப் பயந்து வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் பாருங்கள், அந்த இரவில் பாலத்தில் போய் நில்லுங்கள்.

பழைய காலத்துக் கதை எழுதுகிறவர்கள் நிற்க வேண்டிய இடம் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்தவற்றை வைத்து 1994-ல் தொடங்கியது. பழைய பத்திரிகைகள், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் காலத்து விளம்பரங்களைப் படியுங்கள். மக்கள் எதற்குப் பயந்தார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பது விளம்பரத்தில்தான் நேராகத் தெரியும்.

கிடைத்ததைக் கதையோடு மோதவிடுங்கள்

நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒரு நல்ல விவரம் கிடைத்ததும் அதைத் தூக்கி ஏற்கெனவே எழுதிய திரைக்கதையில் ஒரு காட்சியாகச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். பொட்டு வைத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அந்த விவரம் உண்மையென்றால் கதையில் வேறு என்னவெல்லாம் மாற வேண்டும் என்று கேட்க வேண்டும்.

நான் கேட்டுக்கொண்டது இப்படி. பழைய லைனில் கணவன் மறைக்கிறான், மனைவி கண்டுபிடிக்கிறாள். மடிப்புச் சட்டையைக் கொண்டுவந்தால், மறைப்பவள் மனைவி. அப்படியென்றால் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். யாரிடமிருந்து மறைக்கிறாள்? தெருவிடமிருந்து. தெருவில் யார் முக்கியம்? மாடியில் குடியிருக்கிற ஹவுஸ் ஓனர். வாடகை தள்ளிப்போனால் காலி செய்யச் சொல்லிவிடுவார். அவர் காலையில் பால்கனியில் காபியோடு நின்று தெருவைப் பார்ப்பவர். சட்டை இஸ்திரிக்குப் போவதை அவர் பார்க்க வேண்டும்; அதற்காகத்தான் அவள் கொடுக்கிறாள். கண்டுபிடிப்பவர் இஸ்திரிக்காரர். அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவளுக்கு எப்போது தெரிகிறது? 'அதிகமா வாங்கிட்டேன்' என்று இரண்டாவது வாரமும் சொல்லும்போது. அந்த இடம்தான் எனக்கு இன்டர்வெல்.

லைன் மாறவில்லை. ஆனால் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பது முழுக்கப் புரண்டுவிட்டது. அழுகைக் காட்சி ஒன்றுகூட எழுத வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள், இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும், பத்து ரூபாய்க் கணக்குப் பேசுகிறார்கள். வசனம் தானாக வந்தது. நான் எழுதியது இது:

"எவ்வளவுண்ணே ஆச்சு?"

"போன வாரத்துக் காசு இன்னும் இருக்கும்மா."

"போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க?"

"நான் கணக்குல கொஞ்சம் வீக்கும்மா."

வசனத்தைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னைத் தமிழ் என்று சினிமாவில் கேட்ட தமிழை எழுதாதீர்கள். அந்த இஸ்திரி அண்ணன் பேசியதில் 'இன்னாபா', 'வா வாத்யாரே' எதுவும் இல்லை. அவர் செஞ்சி பக்கத்திலிருந்து வந்தவர். இந்த ஊரில் பாதிப் பேர் வேறு ஊர்க்காரர்கள். ஒவ்வொருவர் பேச்சிலும் அந்த ஊர் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதை அப்படியே கேட்டு எழுதினால் போதும்.

இன்னொன்று. அவரிடம் போய், "அண்ணே, நீங்க சொன்னதை எழுதலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்க. அந்தம்மா யாருன்னு தெரியக் கூடாது. தெருவை மாத்திடுங்க" என்றார். தெருவை மாற்றினேன், ஆளை மாற்றினேன், கதையைப் பெரம்பூரில் வைத்தேன். முன்பணம் வந்தபோது அதில் ஒரு பங்கை அவர் கையில் கொடுத்தேன். இதைத் தர்மமாக நினைத்துச் செய்யவில்லை. கதை விவாதத்தில் ஒரு சீன் கொடுத்தவருக்குச் சம்பளம் உண்டு, அவர் கொடுத்தது படத்தின் நடு முதுகெலும்பு. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்ப் பல வருடம் ஆனதால்தான் இங்கேயும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்றே ஒன்று இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் அதில் இருந்தார்கள். கதை பேசுவதற்கென்றே மாதச் சம்பளத்தில் ஆட்கள். அதன் பெயரால் அழைக்கப்படும் ஜெமினி மேம்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், யோசிப்பதற்குச் சம்பளம் கொடுத்த ஊர் இது என்று நினைத்துக்கொள்வேன். கதை கொடுத்தவருக்குக் கணக்குத் தீர்ப்பது இந்தத் தொழிலின் நல்ல பழக்கங்களில் ஒன்று, அதை நாம் விட்டுவிடக் கூடாது.

மூன்று பேரிடம் சொல்லுங்கள்

எழுதி முடித்ததும் மூன்று பேரிடம் வாயால் சொல்லுங்கள். படமே பார்க்காத ஒருவர், எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற ஒருவர், அந்தத் தொழிலிலேயே இருக்கிற ஒருவர். தொழில்காரர் தப்பைச் சொல்வார். நான் முதலில் எழுதியபோது இஸ்திரிக்காரர் முதுகிலிருந்து தேய்க்க ஆரம்பிப்பதாக எழுதியிருந்தேன், அண்ணன் சிரித்துவிட்டார்.

எல்லாவற்றையும் பார்க்கிறவர்தான் முக்கியம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு சீரியலுக்கு மருத்துவமனைக் காட்சி ஒன்று எழுதினேன். என் சொந்தக் கற்பனை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருப்பேன். அசோசியேட் டைரக்டர் படித்துவிட்டு ஒரு பழைய படத்தின் பெயரைச் சொன்னார். சின்ன வயதில் தூர்தர்ஷனில் பார்த்திருக்கிறேன், மறந்துவிட்டது, காட்சி மட்டும் உள்ளே தங்கியிருக்கிறது. அன்று ராத்திரியே முழுசாக மாற்றி எழுதினேன். திருட வேண்டும் என்று நினைக்காமலே இப்படி நடக்கும். அதனால் யாராவது 'இது அது மாதிரி இருக்கே' என்றால் கோபப்படாதீர்கள், வாடிப்போகவும் வேண்டாம். ஒரு தாளை இரண்டாக மடித்து, இந்தப் பக்கம் உங்கள் சீன் ஆர்டர், அந்தப் பக்கம் அந்தப் படத்தின் சீன் ஆர்டர் எழுதுங்கள். கரு மட்டும் ஒத்துப்போனால் தைரியமாகப் போகலாம். நிகழ்ச்சியும், வரிசையும், திருப்பமும் அடுத்தடுத்து ஒத்துப்போனால் மாற்றுங்கள்.

நீதிமன்றமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர், தன் நாடகத்தை 1956-ல் வந்த 'நியூ டெல்லி' இந்திப் படம் காப்பியடித்துவிட்டது என்று போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் தீர்ப்புச் சொன்னது. இரண்டுமே மாநில பேதம் பார்க்கிற குடும்பங்களைப் பற்றியவை. கருவுக்கும் எண்ணத்துக்கும் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ரசிகருக்குப் பின்னது முன்னதன் நகல் என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா என்பதுதான் சோதனை. அந்த வழக்கில் நாடக ஆசிரியர் தோற்றார்.

அதனால்தான் லைனை மட்டும் வைத்துக்கொண்டு அலையாதீர்கள் என்கிறேன். லைனை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க முடியாது. எனக்கு அந்த வலி தெரியும். ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் கதை சொல்லிவிட்டு வந்தேன். பிறகு கூப்பிடவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து, நான் சொன்ன ரேஷன் கடைக் காட்சி வேறு பெயரில் ஒரு சீரிஸில் வந்தது. என் கையில் நோட்டைத் தவிர எதுவும் இல்லை. பல நாள் தூக்கம் வரவில்லை.

அப்புறம் இவற்றைத் தவறாமல் செய்கிறேன். காட்சி வாரியாக வசனத்தோடு முழுதாக எழுதி, வெளியே சொல்வதற்கு முன்பே பதிவு செய்கிறேன். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கே பதியலாம். மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். எழுதிய உடனேயே உரிமை உங்களுடையதுதான், பதிவு கட்டாயமில்லை. ஆனால் தகராறு வந்தால் எந்தத் தேதியில் உங்கள் கையில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. கதை சொல்லிவிட்டு வந்த அன்றே, 'இன்று இந்தக் கதையை உங்களிடம் சொன்னேன், நன்றி' என்று சுருக்கத்தோடு ஒரு மெயில் அனுப்பிவிடுவேன். மரியாதையான மெயில். நல்லவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ரெஃபரன்ஸ் கேட்டால்

கதை சொல்லப் போகும் இடத்தில் கட்டாயம் வருகிற கேள்வி, "ரெஃபரன்ஸ் என்ன மேடம்?" எந்தப் படம் மாதிரி இருக்கும் என்று கேட்கிறார்கள். பணம் போடுகிறவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெளிச்சம் எப்படி இருக்கும், வேகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு படத்தைச் சொல்லுங்கள். காட்சிக்கு மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் அந்தக் காட்சியையே எடுத்துத் தரச் சொல்வார்கள். காட்சிக்குப் பொருளைக் கொண்டுபோங்கள்.

இந்தக் கதைக்கு நான் ஒரு துணிப்பையில் இரண்டு சட்டை கொண்டுபோனேன். இரண்டும் அண்ணன் தேய்த்து மூன்றாக மடித்தவை. ஒன்றைத் துவைத்துக் கசக்கியிருந்தேன், இன்னொன்றைச் சும்மா கசக்கியிருந்தேன். மேஜையில் இரண்டையும் விரித்து, "இதில் எதைப் போட்டுக்கொண்டு ஒருவர் வேலைக்குப் போய்விட்டு வந்தார், சொல்லுங்கள்" என்றேன். தயாரிப்பாளர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். அதற்குப் பிறகு ரெஃபரன்ஸ் பற்றி யாரும் பேசவில்லை.

போன மாதம் மேற்கு மாம்பலம் பக்கம் போனபோது அண்ணனைப் பார்த்தேன். இப்போது கரிப்பெட்டி இல்லை, கேஸில் சூடாகிற பெட்டி. "வீட்லேருந்தே வேலை பாக்குறவங்க வீட்டுத் துணி எப்படிண்ணே?" என்று கேட்டேன். "சட்டை மட்டும்தான் வருதும்மா, பேன்ட் வர்றதே இல்ல" என்றார். கம்ப்யூட்டர் கேமராவில் இடுப்புக்கு மேலேதானே தெரியும். இதிலும் ஏதோ இருக்கிறது. நான் இன்னும் நின்று பார்க்கவில்லை. உங்கள் தெருவிலும் ஒரு வண்டி இருக்கும். காலை ஏழரைக்குப் பெட்டியைச் சூடு பண்ண ஆரம்பிப்பார்கள், அதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விடுங்கள்.